லண்டன் வீதிகளிலே

லண்டன் மாநகருக்குப் போய்த் திரும்பியவர்கள் பெரும்பாலும் மாளிகைகளைப் பற்றியே பேசுவார்கள். அரண்மனை வாயிலிலே காவலர் மாறும் காட்சி, பாராளுமன்றத்து மணிக்கூட்டுக் கோபுரம், கோஹினூர் வைரம் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டு போகும்போது, கேட்பவருக்கு அந்நகரம் ஒரு பெரிய கண்காட்சிச்சாலை என்றே தோன்றும். நாமும் அவற்றைப் பார்த்தோம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அங்கே தங்கியிருந்த பத்தொன்பது நாட்களிலும் நாம் மிகுதியாக அனுபவித்த இன்பம் எதுவென்று கேட்டால், வழியிலே போகும் இன்பமே என்று சொல்வோம். ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குவது இத்தனை சுவையுடைய காரியமாக இருக்கக்கூடும் என்பதை நாற்பது வயது கடந்த பிறகே நாம் அறிந்தோம்.

இந்த ரசனைக்கு நாம் கலகெதரவாசியாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெரு, மலையை விட்டு இறங்கத் தொடங்கும் இடத்திலே நம் ஊர் இருக்கிறது. கண்டி மன்னர் காலத்தில் இது இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்று. 1803 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஆங்கிலேயப் படை கண்டியை நோக்கி ஏறியபோது, கலகெதரையிலும் கிரிஹாகமையிலும் இருந்த காவலரண்களைக் கைப்பற்றிய பின்னரே மேலே செல்ல முடிந்தது. சென்ற படையில் மிகப் பலர் திரும்பவில்லை என்பது வேறு கதை. மலைநாட்டு மன்னர்கள் கற்கோட்டைகளை நம்பி ஆண்டவர்களல்லர். வழி இல்லாமையையே கோட்டையாகக் கொண்டு ஆண்டவர்கள். பாதைகளை அகலப்படுத்தாமல் ஒற்றையடிப் பாதைகளாகவே விட்டு வைத்து, கணவாய்தோறும் முட்கதவு கட்டிக் காவலாளரை நிறுத்தினார்கள்.

இந்தச் செய்திகளை நமக்கு விரிவாக எழுதி வைத்தவர் ஒரு லண்டன்வாசி. றொபேட் நொக்ஸ் என்னும் மாலுமி 1660 இல் திருகோணமலைக்கு அருகே பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே சிறையிருந்தார். சிறை என்றால் கம்பிக் கூண்டன்று. ஊருக்குள் நடமாடலாம், தொப்பி பின்னி விற்கலாம், ஊரை விட்டுப் போகத்தான் முடியாது. முட்கதவைக் கடப்பதற்கு அனுமதிச் சின்னம் வேண்டும். அது களிமண்ணிலே அழுத்திய ஒரு முத்திரை. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம், கூலியாளுக்குக் காவடித் தடியில் இரு பைகளைத் தூக்கிய உருவம், வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் உடைய உருவம் என்று ஆளுக்கேற்ற முத்திரை இருந்ததாக அவர் எழுதுகிறார். 1679 இல் தப்பி அநுராதபுரத்துக் காடுகளின் வழியாக மன்னாருக்கு அருகிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681 இல் லண்டனில் அச்சாகியது. 1720 இல் இறந்தபோது லண்டனின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டன் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அதே விம்பிள்டனில்தான் 1981 முதல் நம்மவர்கள் விநாயகருக்குக் கோயிலமைத்து வழிபட்டு வருகிறார்கள்.

நாம் லண்டனுக்குச் சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. நம் தாயார் ஒரு காரியத்தை ஒப்படைத்து அனுப்பியிருந்தார். அவருடைய தம்பி, அதாவது நம் தாய்மாமன், கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். 1983 ஆடியில் அக்கடை எரிந்தது. மறு ஆண்டு லண்டனுக்குப் போனார். இப்பொழுது அவருக்கு வயது எழுபத்தேழு. மனைவியை 2019 இல் இழந்தார். மகன் வேறு நகரில் வேலை பார்க்கிறான். கிழக்கு லண்டனிலுள்ள ஈஸ்ட் ஹாம் பகுதியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டில் தனியாக வாழ்கிறார். "முழங்கால் முடியாதவன் அந்நிய ஊரில் தனியே கிடந்து என்ன செய்கிறான்? நீ போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வா" என்பது எண்பத்தொரு வயதுத் தாயாரின் கட்டளை. விசாப் பத்திரங்களை நிரப்பிய துன்பத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அந்த அனுபவம் உடையவர்கள் நம் வாசகரில் பலர்.

விமான நிலையத்துக்கு எவரும் வரவில்லை. வரவேண்டாம் என்று மாமாவே தம் மகனைத் தடுத்துவிட்டாராம். "படத்தைப் பார்த்து வா. படம் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கும்" என்று தொலைபேசியிலே சொன்னார். பதினொரு மணி நேரம் விமானத்தில் அமர்ந்து வந்த களைப்போடு பாதாள ரயிலின் வாயிலிலே நின்று அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தோம். பதினொரு பாதைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பெயர். கடும் நீலம் பிக்கடில்லி, பச்சை டிஸ்ட்ரிக்ட், சிவப்பு சென்ட்ரல், கறுப்பு நோதேண். நீலத்திலே ஏறி ஹமர்ஸ்மித்தில் இறங்கி, அதே மேடையின் மறுபுறத்தில் வந்து நிற்கும் பச்சையிலே ஏறினால் ஈஸ்ட் ஹாம். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் மாமாவின் வீட்டு மணியை அழுத்தினோம். ஒரு பெருநகரத்தின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை நம்மை எவரும் ஏமாற்றவில்லை, எவருக்கும் நாம் நன்றி சொல்லவும் தேவைப்படவில்லை. கொழும்பு கோட்டை நிலையத்துக்கு வெளியே முதன்முறை நிற்கும் ஒரு மலைநாட்டுப் பிள்ளைக்கு இந்த அனுபவம் கிட்டுமா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரயில் நிறுவனத்தில் படவரைஞராகப் பணிபுரிந்த ஹரி பெக் என்பவர் 1931 இல் அதை வரைந்தார். மின்சுற்றுப் படங்களை வரைந்து பழகிய கை அவருடையது. நிலத்தின் கீழே போகிறவனுக்கு மேலே உள்ள வீதி எப்படி வளைந்தால் என்ன, எத்தனை மைல் இருந்தால் என்ன, எந்த நிலையத்துக்குப் பின் எந்த நிலையம், எங்கே மாறுவது என்பவை தெரிந்தால் போதாதா என்று அவர் எண்ணினார். ஆகவே கோடுகளை நேராகவும் குறுக்காகவும் 45 பாகைச் சரிவாகவும் மட்டுமே இழுத்தார். மேலதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். 1933 இல் அச்சிட்டு வழங்கியபோது மக்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். மெய்யான தூரத்தைக் காட்டாத ஒரு படம் வழியை மட்டும் பிழையின்றிக் காட்டுவது விசித்திரமே. இன்று அந்த ரயிலுக்கு 272 நிலையங்கள், ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளம். பாதாள ரயில் என்று பெயரேயன்றி அதில் பாதிக்கு மேல் வெயில்படும் நிலத்தின் மேலேதான் ஓடுகிறது. 1863 ஜனவரி 10 ஆம் தேதி பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை முதல் வண்டி மக்களை ஏற்றிச் சென்றது; நிலத்துக்கடியில் நீராவி இயந்திரம், வாயு விளக்கு, மூச்சு முட்டும் புகை! அப்பொழுது கண்டிக்கு நிலத்தின் மேலேகூடப் புகையிரதம் வரவில்லை. அது வந்தது 1867 இல்.

நிலையங்களின் பெயர்களை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு போவது நமக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒன்று 'ஏழு சகோதரிகள்'. மற்றொன்று 'யானையும் கோட்டையும்'. பின்னதைச் சொன்னபோது மாமா, "கண்டியில் இருக்க வேண்டிய பெயரை இவர்கள் வைத்துக்கொண்டார்கள்" என்றார்.

மாமாவோ இப்பொழுது பாதாள ரயிலில் அதிகம் போவதில்லை. 272 நிலையங்களில் படியேறாமல் வண்டிக்குச் செல்லக்கூடியவை மூன்றில் ஒரு பங்களவே. பழைய நிலையங்கள் அவருடைய முழங்காலுக்குப் பகையானவை. அவருடைய உலகம் பஸ் வண்டி. அதனைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் அவருக்கு நேரம் போவதே தெரியாது.

லண்டனில் முதியோருக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். 1973 இல் தொடங்கிய ஏற்பாடு. 'பிறீடம் பாஸ்' என்று பெயர். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பின்பும், விடுமுறை நாட்களில் எந்நேரமும், பஸ் வண்டியிலும் ரயிலிலும் காசின்றிப் போகலாம். அதனை மாமா நீல நிறப் பையொன்றிலிட்டுக் கழுத்திலே உருத்திராக்கம்போல் தொங்கவிட்டிருக்கிறார். நொக்ஸ் கண்ட களிமண் முத்திரை நம் நினைவுக்கு வந்தது. அதுவும் அனுமதிச் சின்னம், இதுவும் அனுமதிச் சின்னம். நமக்கு அந்த அட்டை இல்லையாயினும் வங்கி அட்டையைக் காட்டினால் போதும். 2014 முதல் அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸில் ஏறினால் மறுகட்டணமும் இல்லை. கொண்டக்டர் என்ற மனிதரே இல்லை. மீதிச் சில்லறையைப் பின்பு தருகிறேன் என்று சொல்லி மறந்துவிடுவதற்கும் ஆளில்லை!

முதல் நாள் தரிப்பிடத்தில் நாம் கண்ட காட்சி மறக்கத்தக்கதன்று. செந்நிற இரட்டைத் தட்டு பஸ் நடைபாதையோரமாக வந்து நின்றது. கதவு திறந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு எம்மை நோக்கித் தன் பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டது. பாகனை ஏற்றிக்கொள்வதற்கு முழந்தாளிடும் யானையைப் பெரஹராவுக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அச்சொட்டாக அப்படித்தான். மாமா கைத்தடியை ஊன்றிக் கால் வைத்தார். பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெண் காத்திருந்தாள். சாரதி ஒரு பொத்தானை அழுத்தவே நடுக்கதவின் அடியிலிருந்து ஒரு பலகை நாக்குப்போல் நீண்டது. அவள் பிறர் உதவியின்றி ஏறித் தனக்கென ஒதுக்கிய இடத்தில் நின்றுகொண்டாள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பரிதாபப்படவுமில்லை. அடுத்த தரிப்பிடத்தின் பெயரை ஒரு குரல் சொல்லிற்று. மாமா உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்யும் வரை வண்டி புறப்படவில்லை.

நம் ஊர் பஸ்ஸை இங்கே எண்ணாதிருக்க முடியுமா? கண்டிக்குக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மிதிபலகையில் ஒற்றைக் காலை வைத்து, வளைவுக்கு வளைவு உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முதியவர் ஒருவர் கையை நீட்டினால், ஏறுவதற்கு நேரமாகுமென்று வண்டி நிற்காமல் போவதையும் பார்த்திருக்கிறோம். நின்றாலும் முதற்படி முழங்கால் உயரம். நம் நாட்டில் நடக்க இயலாதவர்கள் வீட்டிலிருப்பதற்குக் காரணம் அவர்களுடைய காலென்று நாம் இதுநாள்வரை எண்ணியிருந்தோம். படியின் உயரமும் ஒரு காரணமென்பதை ஈஸ்ட் ஹாமில் கண்டோம்.

மறுபுறத்தையும் சொல்லிவிடவேண்டும். நம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரின் பையை, உட்கார்ந்திருப்பவர் கேளாமலே வாங்கி மடியிலே வைத்துக்கொள்வார். லண்டன் வண்டியில் ஒருவர் பையை மற்றொருவர் தொட்டால் என்ன நடக்குமோ நாமறியோம். பாதாள ரயிலில் எதிரெதிரே முழங்கால் இடிக்க அமர்ந்து முக்கால் மணி நேரம் போவார்கள். ஒரு சொல் பேசமாட்டார்கள். நகரும் படிக்கட்டிலே நிற்பவர் வலப்புறம், நடப்பவர் இடப்புறம் என்பது அவ்வூரின் வேதம். இடப்புறம் நின்றவனைப் பார்க்கும் பார்வையிலே பால் திரிந்துவிடும். கட்டணமோ நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். சென்ட்ரல் பாதையின் வெக்கை மாத்தளையின் சித்திரை வெயிலுக்குக் குறைந்ததன்று. வேலைநிறுத்தம் வந்தால் ஊரே திகைத்து நிற்குமாம். நம் நல்லகாலம், அவ்வாறு ஒரு நாள் நேரவில்லை.

மாமா நமக்காக வகுத்த யாத்திரைகளில் முதலாவது 115 ஆம் இலக்க பஸ்ஸும் 15 ஆம் இலக்க பஸ்ஸும் சேர்ந்தது. "மேல்தட்டுக்குப் போ, முன்வரிசையில் உட்கார்" என்று ஆணையிட்டுவிட்டுத் தாம் கீழே கதவருகே அமர்ந்துகொண்டார். மேலேறும் படிகள் அவருக்கு இயலாதவை. நாம் மேலிருந்து பார்ப்பதை அவர் கீழிருந்தே மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் என்பது இறங்கிய பின்னரே தெரிந்தது. 'இன்ன வளைவில் இடப்பக்கம் பார்த்தாயா, இன்ன சுவரில் என்ன எழுதியிருந்தது' என்று ஒரு பரீட்சையே நடத்தினார். நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பவராயினும் அன்று மாணவனாக நின்றோம்.

மேல்தட்டு முன்வரிசையிலிருந்து அந்நகரைப் பார்ப்பது யானை மேல் அம்பாரியிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டு போகும். முதல் மாடியிலே தேநீர் அருந்துகிறவரோடு நாம் முகத்துக்கு முகம் பார்க்கலாம். 115 ஆம் இலக்கம் கிழக்கிந்தியத் துறைமுகத் தெரு என்ற பெயருடைய வீதி வழியாகச் செல்கிறது. பெயரைக் கண்டதும் நம் உடல் சிலிர்த்தது. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிட்டார். 1873 இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குச் சென்றது. அதன் பின்னர் நூறாண்டுகளுக்கு மேலாக நம்மவரின் முதுகு சுமந்த கொழுந்தில் ஒரு பகுதி பெட்டிகளிலே அடைபட்டு இவ்வாற்றங்கரைக்கே வந்து, இவ்வூரிலேயே ஏலத்தில் விலை போயிற்று. அந்த லண்டன் ஏலம் 1998 இல் நின்றுவிட்டது. துறைமுகங்களிலும் இப்பொழுது கப்பல்கள் இல்லை; கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

வண்டி மாறி 15 ஆம் இலக்கத்தில் ஏறினோம். லண்டன் கோபுரக் கோட்டை, 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் கிறிஸ்தோபர் ரென் எழுப்பிய புனித பவுல் பேராலயம், பத்திரிகைகளுக்குப் பெயர்போன பிளீட் வீதி, கடைசியாகத் திரபல்கார் சதுக்கம். வழிகாட்டியோடு சுற்றுலா வண்டியில் போகிறவர்கள் பெருந்தொகை கொடுத்துப் பார்ப்பதை நாம் ஒரு பஸ் கட்டணத்தில் பார்த்து முடித்தோம். இந்தச் செந்நிற வண்டிகள் இலங்கைக்கு அந்நியமானவையல்ல. 1958 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், லண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத் தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. "அங்கே ஓய்வுபெற்ற பஸ் இங்கே வேலைக்கு வந்தது, இங்கே வேலை போன நான் அங்கே போனேன்" என்பது மாமாவின் கணக்கு.

வாடகைக் கார்ச் சாரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு நிறக் காரை ஓட்டும் உரிமம் பெறுவதற்குச் சாரிங் குறொஸ் என்னும் இடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவிலுள்ள சுமார் 25,000 வீதிகளையும் நெட்டுருப் பண்ணவேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் படிக்கிறார்கள். அந்தச் சாரதிகளின் மூளையிலே இடங்களை நினைவில் வைக்கும் ஒரு பகுதி பிறருடையதைக் காட்டிலும் பெரிதாக இருப்பதாக 2000 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நிகண்டை மனனம் செய்த நம் பழைய புலவர்களின் மூளையை அளந்து பார்க்க அக்காலத்தில் கருவியில்லாமற் போயிற்று.

மற்றொரு நாள் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனோம். உள்ளே நுழைய கட்டணமில்லை. நம் மாமா நேராக ஒரு சிலையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். தாரா தேவி, எட்டாம் நூற்றாண்டு, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்டவள். 1815 இல் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் வசமாக்கிய தேசாதிபதி பிறவுண்றிக் 1830 இல் இவளை நூதனசாலைக்குக் கொடுத்தார். மேலாடையற்ற அத்திருமேனியைப் பொதுமக்களுக்குக் காட்டக் கூசி, நெடுங்காலம் உள்ளறையிலேயே வைத்திருந்தார்களாம். வலக்கை வரமருளும் பாவனையில் தாழ்ந்திருக்கிறது. அந்த அமைதியான முகத்தை நாம் பார்த்துக்கொண்டு நிற்க, மாமா அருகிலிருந்த இருக்கையில் அமர்ந்துவிட்டார்.

தாயாரின் செய்தியைச் சொல்வதற்கு இதுவே சமயமென்று தோன்றியது. "மாமா, அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்" என்றோம்.

"தெரியும். நீ விசாவுக்குப் போட்ட நாளே அக்கா சொல்லிவிட்டார்" என்றார். சிறிது நேரம் கழித்து, "கண்டி இராசாவின் சிம்மாசனத்தையும் இவர்கள் கொண்டுவந்தார்கள் அல்லவா? எப்போது திருப்பிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"1934 இல்."

"நூற்றுப் பத்தொன்பது வருஷம். எனக்கு நாற்பதுதானே ஆகிறது, என்ன அவசரம்?" என்று சிரித்தார். சிலையைப் பார்த்துக்கொண்டே சிரித்ததால் அது நமக்குச் சொன்ன விடையா, அவளுக்குச் சொன்ன விடையா என்பது விளங்கவில்லை. வெளியே வந்து, பக்கத்திலுள்ள கீழைத்தேயக் கல்விக்கழகத்தின் முற்றத்திலே 1996 முதல் வீற்றிருக்கும் திருவள்ளுவரை வணங்கிவிட்டு வீடு திரும்பினோம்.

நாம் புறப்படுவதற்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, பாதாள ரயிலைத் தவிர்த்து வந்த மாமா, "இன்று ஒரு நிலையத்துக்குப் போகவேண்டும்" என்றார். எம்பாங்மென்ட் என்னும் அந்நிலையம் தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். நகரும் படிக்கட்டுகளில் நம் தோளைப் பிடித்துக்கொண்டார். நோதேண் பாதையில் வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகள் நிற்கும் மேடையில் ஓர் இருக்கையில் அமர்ந்தோம். வண்டி வந்தது. மேடைக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள வெளியைக் கவனிக்கும்படி ஓர் ஆண்குரல் எச்சரித்தது. பல நிலையங்களிலும் கேட்கும் எச்சரிக்கைதான். குரல் மட்டும் வேறு. பழங்கால நாடகக் கம்பீரம் அதிலே இருந்தது.

மாமா கதையைச் சொன்னார். ஒஸ்வால்ட் லோறன்ஸ் என்ற நடிகரின் குரல் அது. பல ஆண்டுகளாக இப்பாதையில் ஒலித்து வந்தது. 2007 இல் அவர் காலமானார். அவருடைய மனைவி இந்த மேடைக்கு வந்து அமர்ந்து கணவரின் குரலைக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். 2012 இல் புதிய கருவிகளைப் பொருத்தியபோது அக்குரலை நிறுத்திவிட்டார்கள். அம்மையார் அதிகாரிகளிடம் சென்று, அதன் பிரதியொன்றாவது கிடைக்குமா என்று கேட்டார். பிரதியையும் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு இந்த ஒரு மேடையில் மட்டும் அவருடைய குரலையே மீண்டும் ஒலிக்கவும் செய்தார்கள். கோடிக்கணக்கான மக்களை ஏற்றி இறக்கும் ஓர் இயந்திரம் ஒரு பெண்ணுக்காக இப்படி நடந்துகொண்டது. மாளிகைகளைக் கண்டு வியக்காத நாம் இதைக் கேட்டு வியந்தோம்.

ஐந்து வண்டிகள் வந்து போயின. ஐந்து முறையும் கேட்டோம்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அத்தையும் நானும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, ஏதாவதொரு பஸ்ஸில் ஏறி அது போய் நிற்கும் இடம்வரை போவோம். எங்கே போகிறதென்று பார்க்கமாட்டோம். போன இடத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவோம். இங்கே வந்த முதல் வருஷம் எனக்குப் பயம். வீதியில் இறங்கவே பயம். அவள்தான் இப்படிப் பழக்கினாள். இப்பொழுதும் நான் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றார். பிறகு, நம்மைப் பாராமலே, "நம் வீட்டுக்குத் தெருவிலிருந்து எத்தனை படி? முப்பத்தெட்டா, நாற்பத்திரண்டா?" என்று கேட்டார்.

"நாற்பத்திரண்டு."

"கைப்பிடி?"

"இல்லை."

"வளைவில் பஸ் நிற்குமா?"

"கையைக் காட்டினால் சில பஸ்கள் நிற்கும், சில நிற்காது."

"2010 இல் வந்தபோது அந்தப் படிகளில் ஓடி ஏறினேன்" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. தாயார் எண்ணியதுபோல் அவர் தனியே கிடக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு அந்த நகரமே அவர் வாசலில் வந்து முழந்தாளிட்டு நிற்கிறது. அவரைக் கலகெதரைக்குக் கொண்டுவந்து நாற்பத்திரண்டு படிகளுக்கு மேலே திண்ணையில் உட்கார வைத்தால், அங்கிருந்து குருநாகல் பஸ்ஸின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாமேயன்றி அதில் ஏறமுடியாது. இதைத் தாயாரிடம் எவ்வாறு சொல்வது என்பதுதான் அன்று முழுவதும் நம் கவலையாக இருந்தது.

கடைசி நாள் அவர் நம்மை வூல்விச் துறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தேம்ஸ் நதியைக் கடக்க ஒரு படகுப்பாதை 1889 முதல் இலவசமாக நடக்கிறது. லொறிகளும் மனிதரும் காசின்றி அக்கரை போகிறார்கள். படகு நடு ஆற்றுக்கு வந்தபோது காற்று பலமாக வீசியது. மகாவலியில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சிறுவயதில் நீந்திய கதையை மாமா சொன்னார். அக்கரையில் இறங்காமலே அதே படகில் திரும்பிவிட எண்ணினோம். அது முடியாது, எல்லோரும் இறங்கி மறுபடி ஏறவேண்டும் என்றார்கள். இறங்கினோம், ஏறினோம். மாமா அதற்கும் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் தாயார் கேட்ட முதற்கேள்வி, "அவன் எங்கே?" என்பதே. நடந்ததையெல்லாம் சொன்னோம், நகரங்களைப் பற்றிய நம் வியாக்கியானங்களை அவர் செவிமடுக்கவில்லை. "படி எத்தனை என்று கேட்டானா?" என்று மட்டும் இருமுறை கேட்டார். அன்றைக்கு ஆட்டோக்காரப் பையனை அனுப்பி மேசனை வரவழைத்தார். இருபுறமும் இரும்புக் கைப்பிடி, பத்துப் படிக்கொரு சீமெந்துத் திண்ணை என்பது அவருடைய திட்டம். படியின் உயரம் அதிகமென்று மேசன் சொன்னபடியால் ஒவ்வொரு படியையும் இரண்டாக்க முடியுமா என்றும் விசாரித்தார். அப்படியானால் எண்பத்துநான்கு ஆகுமே என்றோம். ஏறக்கூடிய எண்பத்துநான்கு ஏற முடியாத நாற்பத்திரண்டிலும் மேல் என்றார்.

மாமாவுக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. பஸ் நிற்பதற்கு அக்கா என்ன செய்யப் போகிறார் என்று கேட்டாராம். அதற்குத் தாயார் சொன்ன விடையை நாம் அறியோம்; கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஐப்பசி மழை தொடங்கியதால் வேலை நின்றது. இருபத்திரண்டு படிகளுக்குக் கைப்பிடி போட்டாயிற்று. மிச்சத்துக்கான இரும்புக் குழாய்கள் திண்ணையில் அடுக்கிக் கிடக்கின்றன.